ஹெர்டிஸ் கேட்காத கேள்வி

ஹெர்டிஸ், யோருண்டுர், நான் மூவரும் ஒரே வகுப்பு. எங்கள் ஊரில் அந்த வருஷம் பிறந்ததே நாங்கள் மூன்று பேர்தான். பிறகு ஏரிக்கு மேற்கே இருந்த மேல்கரைப் பண்ணை ஹெர்டிஸுக்கு வந்தது. கிழக்கே இருந்த கீழ்க்கரைப் பண்ணை யோருண்டுருக்கு. பண்ணை எதுவும் இல்லாத நான் தபால் வண்டி ஓட்டினேன்.

ஹெர்டிஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யோருண்டுரின் மனைவி நாற்பது வயதிலேயே இறந்துபோனாள். இருவரையும் சேர்த்துப் பேசாத வாய் ஊரில் இல்லை. ஆனால் அவர்களுக்குள் இருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காப்பி மட்டும்தான். ஹெர்டிஸ் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு அவன் கரைக்குப் போவாள். சில ஞாயிறுகளில் நானும் இருப்பேன்.

“உன் காப்பி மாட்டுக்குக் குடுக்கிற மருந்து மாதிரி இருக்குடா,” என்பாள் அவனிடம்.

“அப்புறம் எதுக்கு மூணாவது கப் ஊத்திக்கிற?”

ஹெர்டிஸ் வாழ்ந்தது பிளெய்க்யா மீனை நம்பி. சில்லென்ற நீரில் மட்டும் செழிக்கிற, ரோஜா நிறச் சதையுள்ள மீன் அது. காய்ந்த ஆட்டெருவை எரித்து அந்தப் புகையில் அவள் வாட்டிக் கொடுக்கிற மீனுக்கு அக்குரேய்ரி நகரத்திலிருந்தெல்லாம் ஆள் வரும். அந்த மீன் குறைய ஆரம்பித்தது. ஒரு காலைக்கு அறுபது விழுந்த வலையில் முப்பது விழுந்தது, பிறகு பத்து. ஏரிச் சங்கத்தின் விதிப்படி ஆளுக்கு ஆறு வலை, அதுவும் பெரிய கண் வலை மட்டும். குஞ்சு மீனில் கை வைக்கக் கூடாது. யாரோ விதியை மீறுகிறார்கள் என்று அவள் சொல்லத் தொடங்கினாள்.

ஓர் ஆகஸ்ட் கடைசியில், காற்றில் அறுந்துபோன வலையைத் தேடிக்கொண்டு கீழ்க்கரைப் பக்கம் போனவள், யோருண்டுர் தண்ணீரோரம் குனிந்து நிற்பதைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு வாளி. விரல் நீளக் குஞ்சுகள் வாளி நிறைய. இவளைப் பார்த்ததும் அவன் சட்டென்று சாக்கை இழுத்து வாளியை மூடினான். அவள் கரையேறவில்லை. படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று மத்தியானம் தபால் கொடுக்கப் போன என்னிடம் சொன்னாள். என் வாயும் சும்மா இருக்கவில்லை. நான் கடையில் சொன்னேன்.

சங்கக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஹெர்டிஸ் எழுந்து நின்றாள்.

“வாளி நெறைய குஞ்சு. என் கண்ணால பாத்தேன். இல்லேன்னு சொல்லு பாக்கலாம்.”

யோருண்டுர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். “வாளியில மீன் இருந்துச்சு,” என்றான்.

அவனுடைய மீன்பிடி உரிமையைப் பறிப்பதற்குக் கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினோம். நானும் தூக்கினேன்.

ஏழு வருஷம் அவர்கள் பேசவில்லை. கடையில் அவன் நுழைந்தால் அவள் வெளியே வந்துவிடுவாள். அவன் வலை போடாத அந்த ஏழு வருஷமும் மீன் குறைந்துகொண்டேதான் போனது. திருட்டுத்தனமாகப் பிடிக்கிறான் என்றாள் அவள். நாங்களும் தலையாட்டினோம்.

பிறகு அந்தக் கோடை வந்தது. ஜூலை முழுக்கக் கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு வெளியே நிற்கலாம் போன்ற வெயில். எங்கள் ஏரியில் எப்போதும் மேற்குக் காற்றுதான். அந்த ஆகஸ்டில் இரண்டு வாரம் கிழக்கிலிருந்து அடித்தது. மேல்கரையில், ஹெர்டிஸ் வீட்டுக்குக் கீழே, செத்த குஞ்சுகள் ஒதுங்கின. வயிறு வீங்கி, கண் பிதுங்கி, செவுள் வெளிறிப் போயிருந்தது. ஒன்றை அவள் கீறிப் பார்த்தாள். முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக, மெல்லிசாக ஓட வேண்டிய சிறுநீரகம், சாம்பல் நிறத்தில் உப்பிக் கிடந்தது. ஐந்தாறை ஐஸ் போட்டுக் கட்டி ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

செப்டம்பரில் அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். ஹெர்டிஸின் சமையலறையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

“இது ஒட்டுண்ணிங்க. கண்ணுக்குத் தெரியாது. ஏரிக்கடியில கல்லுல பாசி மாதிரி ஒட்டிக்கிட்டு ஒரு சின்ன உயிர் இருக்கு. அதுலேர்ந்து தண்ணிக்கு வந்து, மீனுக்குள்ள பூந்து சிறுநீரகத்துல உக்காந்துக்கும். தண்ணி சில்லுனு இருந்தா மீன் தாங்கிக்கும். வாரக்கணக்கா சூடாவே இருந்தா தாங்காது. குஞ்சுங்கதான் மொதல்ல சாகும்.”

“எத்தனை வருஷமா இருக்கும்?” என்று கேட்டாள் ஹெர்டிஸ்.

“பத்துப் பதினஞ்சு இருக்கலாம். குஞ்சே மிஞ்சலேன்னா பெரிய மீன் எங்கேருந்து வரும்?”

“யாராவது குஞ்சைப் புடிச்சதால இல்லையா?”

“வலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. ஆமா, இதுக்கு முன்னால செத்த குஞ்சை யாருமே பாக்கலியா? இங்க அடிக்கிற காத்துக்கு எல்லாம் அந்தக் கரையிலதானே ஒதுங்கியிருக்கணும்?”

ஹெர்டிஸ் எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். அவள் எதையும் கழுவவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் மூடினேன்.

யோருண்டுர் அப்போது அக்குரேய்ரி ஆஸ்பத்திரியில் இருந்தான். நுரையீரலில் புற்று. மறுநாள் அவளை என் காரில் கூட்டிப்போனேன். வழியில் ஒரே ஒரு தடவை, “நீயும் கை தூக்கினேல்ல?” என்று கேட்டாள். தூக்கினேன் என்றேன்.

அவன் பாதியாக இளைத்திருந்தான். அவள் கட்டிலோரம் நின்றபடியே, கோட்டைக்கூடக் கழற்றாமல், அந்தப் பெண் சொன்னதை எல்லாம் ஒப்பித்தாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். பிறகு திறந்தான்.

“அப்ப என் தொட்டி இல்லையா?”

“எந்தத் தொட்டி?”

“பேன் போக ஆட்டை மருந்துல முக்குவோமே, எங்கப்பா காலத்துத் தொட்டி. கீறல் விட்டிருந்துச்சு. அதுலேர்ந்து விஷம் ஏரியில எறங்கித்தான் குஞ்செல்லாம் சாகுதுன்னு நெனச்சேன். வெடிப்பை சிமென்ட் போட்டு அடைச்சேன். அப்பவும் செத்துச்சு. தெனம் காலையில வாளியில அள்ளி மேட்டுல புதைப்பேன். உன் பொழப்பை நான்தான் கெடுத்தேன்னு...” அவனுக்கு இருமல் வந்தது. இருமல் நின்ற பிறகும் அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“உன் தொட்டி இல்லடா,” என்றாள் ஹெர்டிஸ். “உன் தொட்டி இல்ல. சூடுதான்.”

“வாளியில குஞ்சு இருந்துச்சான்னுதான் கேட்டீங்க,” என்றான் அவன். “எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல. நீயாவது கேப்பேன்னு பாத்தேன்.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?”

“தெரியல. பயந்துதான் கெடந்தேன்.” அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “ஆனா நீ கேட்டிருக்கலாம், ஹெர்டிஸ்.”

அவள் அவன் கையைத் தொடப் போனாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. களைப்பா கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வாரமும் போனோம். தூக்க மருந்தில் கிடந்தான். அதற்கடுத்த வாரம் போக வேண்டியிருக்கவில்லை.

அடக்கத்தன்று அவனுடைய தங்கை எங்கள் இருவருக்கும் கை கொடுக்கவில்லை. ஹெர்டிஸ் தன் ஆறு வலைகளையும் கிழித்துக் குப்பைக் கிடங்கில் போட்டுவிட்டாள். சங்கத்துக்கு அவள் எழுதிய மனுவுக்கும் ஒரு பலன் கிடைத்தது: யோருண்டுரின் மீன்பிடி உரிமை திருப்பி அளிக்கப்படுவதாக ஒரு கடிதம். அவன் பெயருக்கே வந்தது. பூட்டிய வீட்டில் போட மனமில்லாமல் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிரித்துப் படித்தாள். மறுபடி படித்தாள்.

“நாலு வரி. தப்புப் பண்ணிட்டோம்னு ஒரு வார்த்தை இல்லையே.”

“சங்கம் அப்படியெல்லாம் எழுதாது, ஹெர்டிஸ்.”

“நாமளும்தான் எழுதல,” என்று சொல்லிக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். டிசம்பர் பாதி ஆகியிருந்தது. வழக்கமாக நவம்பரிலேயே உறைந்துவிடுகிற ஏரி இன்னும் உறையவில்லை.