யோகராசா அண்ணையின் லேஸ் சால்வை

யோகராசா அண்ணை நெஞ்சு நோவில் போய்விட்டார் என்று புதன்கிழமை காலை துறைமுகக் கந்தோரில் சொன்னார்கள். அழுதேன். ஓர்ஸ் ஹில் பக்கமிருந்த அவரது செத்த வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது கோபம்தான் மிஞ்சியிருந்தது. அந்தக் கோபம் ஆறுமுன் இதை எழுதுகிறேன்.

துறைமுகத்தில் இழுவைப்படகுகளின் என்ஜின்களைத் திருத்தியவர் அவர். நான் அங்கே எழுதுவினைஞர். சில மாதங்களுக்கு முன், மதிய இடைவேளையில் நான் ஊசியும் நூலுமாகப் பின்னிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"தங்கச்சி, லண்டனில மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. லேஸ் சால்வை ஒண்டு பின்ன வேணும். மகளுக்குச் சொல்லாதேங்கோ."

ஊசியிலிருக்கும் மூன்று நூற்கண்ணிகளை ஒன்றாக்கும் இடம் அவரைப் படாத பாடு படுத்தியது. நடுக்கண்ணி நிமிர்ந்து நிற்கவேண்டும்; அவருக்கு அது இடப்பக்கம் சரிந்தது. பின்னல் பழக்கும் வீடியோ ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். எனக்கும் பிடிபடவில்லை. பின்னுவதும் பிரிப்பதுமாக ஒரு கிழமை போயிற்று.

"விடுங்கோ அண்ணை, ஆருக்கும் தெரியாது" என்றேன்.

சினந்துவிட்டார். "என்ஜினெண்டால் மூடி போட்டு மறைக்கலாம். இது முழுக்க ஓட்டை. எல்லாம் தெரியும்."

முதலிரண்டு கண்ணிகளைச் சேர்த்தெடுத்து, மூன்றாவதைப் பின்னி, அதன் மேலால் அவ்விரண்டையும் இழுத்துவிடவேண்டும் என்று கடைசியில் அவரே கண்டுபிடித்தார்.

கந்தோரில் சிரித்தார்கள். "அண்ணை, எனக்கொரு பாவாடை பின்னுவியளோ?" என்றான் ஒருவன்.

"அளவைக் கொண்டு வா" என்றார், கையை நிறுத்தாமல்.

செத்த வீட்டில், பாதியில் நின்ற அந்தச் சால்வையைத் தேடினேன். அவருடைய தம்பி அதை ஊசிகளிலிருந்து உருவி, எறியவிருந்த பழந்துணிகளோடு திணித்து வைத்திருந்தார்.

"ஆம்பிளை பின்னினதெண்டு சனம் கதைக்கும்" என்றார் என்னிடம். பிறகு எல்லோர் முன்னும் எழுந்து, அண்ணன் சிங்கமாய் வாழ்ந்தவர் என்று பேசத் தொடங்கினார்.

நான் சால்வையையும் ஊசிகளையும் எடுத்துவந்து, பிரேதப் பெட்டியருகே நிலத்தில் அமர்ந்து, நழுவிய கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினேன்.

"செத்த வீட்டில பின்னல் வேலையோ?" என்று தம்பி அதட்டினார்.

"செத்த வீட்டில பொய் கதைக்கலாம், பின்ன ஏலாதோ?"

பயணம் செய்ய முடியாத மகள் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, அது என்ன?"

"அப்பா பின்னினவர், பிள்ளை. உங்கட குழந்தைக்கு."

அவள் திரையை நெருங்கிவந்து பார்த்தாள். பிறகு, "சித்தப்பா, அதை அப்பான்ர நெஞ்சில விரிச்சுக் காட்டுங்கோ" என்றாள்.

தம்பிதான் விரித்தார். ஊசியோடு, அத்தனை பேர் முன்னிலையில். ஒவ்வொரு நடுக்கண்ணியும் நிமிர்ந்து நின்றது.

போய் வாருங்கள், அண்ணை. மிச்சத்தைப் பின்னி லண்டனுக்கு அனுப்புவேன். உங்கள் தம்பியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.