அமலாவின் காதும் டிவியின் வாயும்

அமலா பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். மற்றவர்கள் பேசுவதுதான் அமலாவுக்குப் பாதி கேட்காது. திண்டிவனத்து ரைஸ் மில் இரைச்சலில் அடிபட்ட காது அது. அங்கே கத்திப் பேசிப் பலனில்லை என்று பெண்கள் வாயை மட்டும் அசைத்தே ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். மேஸ்திரியைத் திட்டுவதும் அப்படித்தான், அவர் எதிரிலேயே. பாதி காதாலும் பாதி கண்ணாலும் கேட்டுத்தான் மகள் ஜெசிந்தாவை வளர்த்து, இன்ஜினியரிங் படிக்க வைத்தாள்.

ஜெசிந்தா இப்போது சென்னையில் சிப் வடிவமைக்கிறாள். செட்டாப் பாக்ஸிலிருந்து ஒரே கேபிளில் வரும் படத்தையும் ஒலியையும் டிவிக்குள் வாங்கிப் பிரிக்கிற சிப். படத்தைத் துலக்க டிவிக்குச் சற்று நேரம் பிடிக்கும். அதுவரை ஒலியைப் பிடித்துவைத்து, இரண்டையும் சேர்த்து வெளியே விட வேண்டும். அந்தப் பிடித்துவைக்கிற பகுதி ஜெசிந்தாவின் கைவேலை. அந்தச் சிப் வைத்த டிவி கடைக்கு வந்ததும் வாங்கி வந்து திண்டிவனத்து வீட்டில் மாட்டினாள். அமலா தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள்.

"உள்ள இருக்கறது எம் பொண்ணு செஞ்சது!"

கிறிஸ்துமஸுக்கு ஜெசிந்தா வந்தபோது டிவி மேல் துணி போர்த்தியிருந்தது. அம்மா தெரு ஜெபக் கூட்டத்துக்கும் போவதில்லையாம்.

"காது சுத்தமா போயிடுச்சி. எல்லாரும் சிரிக்கும்போது புரியாம நானும் சிரிச்சிக்கினு ஒக்காரணுமா? விடு."

பண்டிகை முடிந்ததும் ஜெசிந்தா அம்மாவை விழுப்புரத்துக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் பழைய சோதனையையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "அப்படியேதாம்மா இருக்கு. ஒண்ணும் கொறையல."

பிறகு ஏன்? திரும்பும் பஸ்ஸில், கூட்டேரிப்பட்டு தாண்டியதும், அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டாள்.

"டிவில பேச்சு முன்னாடி வந்துடுது, வாய் பின்னாடி அசையுது. மொதல்ல நல்லாத்தான் இருக்கும். சேனல் மாத்துனா பேஜாரு. ரெண்டும் சேரலன்னா எனக்கு எப்படிப் புரியும்? சரி, காதுதான் போச்சின்னு நெனச்சிக்கினேன்."

"டிவில கோளாறுன்னு எங்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

"நீ செஞ்சதுல தப்பு இருக்கும்னு எனக்கு எப்படிடி தோணும்?"

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மில் பெண்களைப் போல வாயை மட்டும் அசைத்தாள்: என் தப்பும்மா.

"அதுக்கு ஏண்டி அழுவுற?" என்று அமலா போட்ட சத்தத்தில் கண்டக்டர் வரை திரும்பிப் பார்த்தார்.

ஜெசிந்தா கோளாறைச் சொன்னதும், அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பாண்டுரங்கன் தோளைக் குலுக்கினான். "கண்ணு சிமிட்டற நேரம்கூட இல்ல. யாருக்குத் தெரியப் போவுது?"

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிது."

படத்தைத் துலக்கும் நேரம் சேனலுக்குச் சேனல் வேறுபடும்; அதனால் சேனல் மாறும்போது எவ்வளவு நேரம் ஒலியைப் பிடித்துவைப்பது என்ற கணக்கும் மாற வேண்டும். ஜெசிந்தாவின் பகுதி பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. விற்றுப்போன சிப்பைத் தொட முடியாது. ஆனால் டிவியின் மென்பொருளைக் கொண்டே கணக்கைத் திருத்தலாம். பொங்கலுக்குள் அதை முடித்து, ஊருக்கு வந்து அம்மாவின் டிவியில் தன் கையாலேயே ஏற்றினாள்.

அமலா துணியை உருவிப் போட்டுவிட்டுச் சேனல் மாற்றினாள். மறுபடி மாற்றினாள். செய்தி வாசிக்கிற பெண்ணின் வாயும் பேச்சும் ஒன்றாக வந்தன. அவள் முடிக்குமுன் அமலா எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

"எங்காது நல்லாத்தான் இருக்குது! உள்ள இருந்த கோளாறும் எம் பொண்ணு செஞ்சதுதான்!"