தகர டின்னில் விழுந்த ஓட்டு

எங்கள் கட்சியின் பினாங்குக் கிளைக்குத் தலைவராக இருந்த ஜவுளிக்கடைக்காரரோடு நான் சண்டை போடாத கூட்டம் கிடையாது. மேடையில் சாதி ஒழிய வேண்டும் என்று முழங்குவார். நகராட்சியில் தெருக் கூட்டும் என் நண்பர் உறுப்பினராக மனுப் போட்டால், "இப்ப வேணாம் தம்பி, பெரிய மனுசங்க வெலகிடுவாங்க" என்பார். மூன்று தடவை தள்ளிப் போட்டார். பிறகு எதற்குக் கட்சி, பஜனை மடம் நடத்தலாமே என்று முகத்துக்கு நேரே கேட்டேன். ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எனக்குக் காய்ச்சல் கண்டபோது, கூலி லயத்துக்குக் கஞ்சி கொண்டு வந்தவரும் அதே ஆள்தான். முழுசாக வெறுக்கவும் விடமாட்டார்.

நான்காம் தடவை ஓட்டுக்கு விடச் சொன்னேன். கை தூக்கச் சொன்னால் நடக்காது. உறுப்பினர்களில் பாதிப் பேர் அவர் கடையில் வேலை பார்ப்பவர்கள். அதனால் ரகசிய ஓட்டு. பலருக்கு எழுத்துத் தெரியாது. சேர்க்கலாம் என்றால் கொட்டைப்பாக்கு, வேண்டாம் என்றால் புளியங்கொட்டை. ஆளுக்கு இரண்டையும் கொடுத்தேன். மூலையில் ஒரு வேட்டியைக் கட்டி, அதன் பின்னால் பிஸ்கட் டின்னை வைத்தேன். எல்லாம் என் யோசனைதான்.

முதல் ஆள் போனார். டங்! அடுத்தவர் போனார். டிக்.

"ரகசியம் டவுன் பூரா கேக்குது லா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கூட்டம் சிரித்தது.

மூன்றாவது ஆள் தலைவரின் கடையில் துணி அளப்பவர். மறைவுக்குள் போனவர் போட்டபாடில்லை. பாக்கைப் போட்டால் 'டங்' என்று முதலாளிக்குக் கேட்டுவிடும்.

தலைவர் எழுந்தார். வேட்டியை விலக்கி, எல்லோரும் பார்க்கத் தன் புளியங்கொட்டையைப் போட்டார். "என் ஓட்டு இதான். ஒளிக்க ஒண்ணுமில்ல." பிறகு தோளில் கிடந்த சரிகைத் துண்டைச் சுருட்டி டின்னுக்குள் திணித்தார். "இப்பப் போடுங்கடா. எவன் எதைப் போட்டான்னு எனக்குத் தெரிய வேணாம்." என் பக்கம் திரும்பி, "ஒனக்கு டின்னுதான் கெடைச்சுதாடா, மடையா?" என்றார்.

கடைசியில் துண்டை விரித்துக் கொட்டினோம். பாக்குதான் அதிகம். தலைவரின் முகம் தொங்கிப் போனது. ஆனாலும் அவரே மாடி ஜன்னலில் தலையை நீட்டி, கீழே கடை வாசலின் அஞ்சடி நடைபாதையில் காத்திருந்த என் நண்பரைக் கூப்பிட்டார். "வாய்யா மேல. ஒனக்காக இவன் கத்திக் கத்தி என் காது போச்சு."

நண்பர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெயித்த சூட்டில் நான் எழுந்து, தலைவரையே மாற்ற வேண்டும் என்று அடுத்த தீர்மானத்தைப் போட்டேன். ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். நண்பர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தூக்குய்யா!" என்றேன்.

"அவரு இருக்கட்டும்ணே. நீங்க தலைவரா வந்தா, ஒரு வாரத்துல எல்லாரையும் வெரட்டிருவீங்க."

எதிர்ப்பவர்கள் என்றதும் முதலில் எழுந்தது நண்பருடைய கைதான்.