பட்டன் டயரும் ஒரு வீரனும்

காலையில் கொட்டாம்பட்டி ரோட்டில் சைக்கிள் மிதிக்கும்போது, பின்னால் லாரி வருகிறதென்று ஒதுங்கினேன்.

லாரி இல்லை. நண்பன் செல்வம். மலைப்பாதைக்கென்று பெரிய பெரிய ரப்பர் பட்டன் வைத்த டயரைச் சைக்கிளில் புதிதாக மாட்டியிருந்தான். தார் ரோட்டில் டயர் உறுமியது, அவனுக்கு நாக்குத் தள்ளியது.

"நடுவுல வழவழன்னு, ஓரத்துல மட்டும் பட்டன் இருக்கத வாங்குன்னேன்ல? ஓட்டமும் இருக்கும், கிரிப்பும் இருக்கும்."

"கிரிப்புதான் மாப்ள முக்கியம். எம்புட்டுச் சேறுனாலும் ஏறிரும்."

வயல் பக்கம் திரும்பியதும் நிஜமாகவே சேறு வந்தது. நான் மிதித்தே கடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

செல்வம் ஐயா சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, செருப்பு வழுக்க வழுக்க நடந்து வருகிறார்.

"புது டயருடா, சேறாயிரும்ல!"

மதுரையில் நல்ல கிரிப்புள்ள செருப்பு எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பயலுக்கு அதுதான் தேவை.