ஏலத்துக்கு வந்த ஒரு ரூபா

காசு சேர்ப்பது தடிச்ச கண்ணாடி போட்ட ரிட்டயர் ஆட்களின் வேலை என்று நினைப்பவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை கற்பிட்டிக்கு வந்து எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் நிற்க வேண்டும். எனக்கு இருபத்துமூன்று வயது. கெம்பஸ் முடித்துவிட்டு, வேலைக்கு மனுப்போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். என்னிடம் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் காசு இருக்கிறது. ஆமாம், பெருமையடிக்கத்தான் சொல்கிறேன்.

ஜும்மா முடிந்ததும் எங்கள் பள்ளிவாசலில் ஏலம் நடக்கும். தென்னை முதல் குலை போட்டால் ஒருவர் தேங்காய் கொண்டுவந்து வைப்பார். இன்னொருவர் சேவல் நேர்ந்திருப்பார். பாங்கு சொல்லும் மோதினார் அதைத் தூக்கிப் பிடித்துக் கூவுவார், யார் கூடக் கேட்கிறாரோ அவருக்கு. காசு பள்ளிவாசலுக்கு. உண்டியலுக்குள் விழுகிற, கடையில் ஓடாத காசுகளும் இந்த ஏலத்துக்குத்தான் வரும். பட்டம் பூட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர் போட்ட காசு, கட்டாரிலிருந்து திரும்பியவர்கள் போட்ட திர்ஹம், எங்கள் நாட்டிலேயே காலம் முடிந்த சதங்கள், பழைய ரூபாக்கள், எல்லாவற்றையும் ஒரு சொப்பிங்பேக்கில் முடிந்து கடைசியில் தூக்கிக் காட்டுவார்கள். அதை யாரும் கேட்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்கிற காலத்தில் ஒருநாள் கூட்டாளிமாரைச் சிரிக்க வைப்பதற்காக அந்தப் பேக்குக்குக் கை தூக்கினேன். கடையில் ஒரு பிளேன்டி குடிக்கிற விலை சொன்னேன்.

"ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம், கொண்டு போ மகன், எனக்கும் பசிக்குது" என்று மோதினார் ஒரே மூச்சில் சொல்லி என் கையில் திணித்துவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பாயில் கொட்டினேன். பின்னேரம் வரை எழும்பவில்லை. முடிந்தது கதை, நான் விழுந்துவிட்டேன்.

என்னோடு பிறந்த ராத்தாவின் மகளுக்கு எட்டு வயது. அவள் விழுந்தது வேறு வழியால். மீன், ஆமை, பறவை போட்ட காசெல்லாம் தன்னுடையது என்று சட்டம் போட்டிருக்கிறாள். நாடு, ஆண்டு எதுவும் அவளுக்குத் தேவையில்லை. "மாமா, இதுல மனுசண்ட தலைதான் இரிக்கி. நீங்களே வெச்சுக்கோங்க" என்று மன்னர்களை என்னிடம் தள்ளிவிடுவாள்.

என்னுடைய மாமா, உம்மாவுக்கு மூத்த நானா, காசு சேர்ப்பவரே அல்ல. அவரிடம் இருந்தது ஒரேயொரு காசு. பழைய வெள்ளை ஒரு ரூபா. தொண்ணூறில், யுத்தத்தில் முஸ்லிம்கள் விரட்டப்பட, மன்னாரை விட்டு வெளியேறியபோது அவருக்கு என் வயதுகூட இல்லை. வெளிக்கிடுவதற்கு முதல் ஊர்க் கடையில் பாண் வாங்கினார். கடைக்காரர் மிச்சம் தந்த ரூபா சட்டைப் பையில் கிடந்தது. வீடு, தோணி, வலை எல்லாம் அங்கே நின்றுவிட, இந்த ரூபா மட்டும் அவரோடு வந்தது. அன்றிலிருந்து சட்டை மாறும், காசு மாறாது. ரேடியோவின் பற்றரி மூடியை அந்தக் காசால்தான் திருகுவார். அதனால் விளிம்பில் ஓரிடம் தட்டையாகிவிட்டது.

சட்டை தோய்க்கும்போது பையில் கிடக்கும் சில்லறையை மாமி எடுத்து ஸதகா தர்மத்துக்கென்று ஒரு டப்பாவில் போடுவார். அந்த ரூபாவை மட்டும் அலுமாரிக்கு மேல் வைப்பார். முப்பது வருசத்துக்கு மேலாகப் பிழைக்காத கை. போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை, வீடு கழுவுகிற அவசரத்தில் பிழைத்துவிட்டது. ரூபாவும் டப்பாவுக்குள் விழுந்து, சில்லறையெல்லாம் அப்படியே பள்ளிவாசல் உண்டியலுக்குள் போனது.

செய்தி கேட்டு நான் ஓடியபோது மாமி குசினிக் கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தார். மாமா வாசலில் இருந்தார்.

"உண்டியல் துறக்கிற நேரம் நான் எடுத்துத் தாறன் மாமா. பெரிய வேலையா?" என்றேன்.

"வாணாம். ஸதகா எண்டு குடுத்தாச்சு. குடுத்ததத் திருப்பி எடுக்கக் கூடாது."

"நீங்க குடுக்கல்லயே. மாமிட கைதானே தவறிச்சு!"

"ஸதகா குடுக்கிற நிய்யத்து மனசுல வெச்சுத்தான் போட்ட. போட்டா அது அல்லாஹ்ட காசு. உன்ட கெம்பஸ்ல இதெல்லாம் படிச்சுத் தரல்லயா?"

"சரி, ஏலத்துல கேட்டு வாங்குங்க."

"அதுவும் கூடாது. குடுத்தவன் அத விலைக்கும் வாங்கக் கூடாது. போ, மாமிக்கு டீ ஊத்திக் குடு."

அவ்வளவுதான் பேசினார். ஆனால் பேசும்போதெல்லாம் வலது கை சட்டைப் பைக்குப் போய், ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது. மாமி அதைப் பார்த்து இன்னும் அழுதார்.

குடுத்தவர் வாங்கக் கூடாது. சரி, மருமகன் வாங்கிப் பரிசாகக் கொடுக்கலாமே? பேக்குக்குப் போட்டி போட ஊரில் ஒரு நாயும் வராது. நான் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அன்றைக்கு மோதினார் பேக்கைத் தூக்கினார். பொலித்தீனுக்குள்ளால் அந்த வெள்ளை ரூபாவை நான் கண்டுவிட்டேன். தட்டை விளிம்பு பளிச்சென்று தெரிந்தது. மோதினார் வாய் திறக்கும் முன்பே கையைத் தூக்கி, வழமையைவிடப் பல மடங்கு விலை சொன்னேன். யாரும் குறுக்கே வரக்கூடாது என்று கெட்டிக்காரத்தனம்.

முற்றத்தில் கலைந்துகொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அந்த விலைதான் நான் விட்ட பிழை. இவ்வளவு காலம் பிளேன்டி விலைக்கு வாங்கியவன் இன்றைக்கு எழும்பி நின்று கத்தினால் ஊர் என்ன நினைக்கும்?

வெங்காய முதலாளி திரும்பிப் பார்த்தார். ஐம்பது தாண்டிய மனுசன். லொறி லொறியாக வெங்காயம் தம்புள்ளைக்கு அனுப்புகிறவர், விலையை முகத்தில் வாசிக்கிறவர். என் விலையை அப்படியே இரட்டிப்பாக்கினார்.

"முதலாளி, அது சும்மா பழைய காசு" என்றேன்.

"சும்மா காசுக்கு நீ ஏன்டா இப்பிடி வேர்க்கிறாய்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கூட்டினேன், அவரும் கூட்டினார். பக்கத்தில் நின்ற ஒருவர், "கோட்டைப் பக்கம் டச்சுக்காரன் மண்ணுக்குள்ள தாட்ட காசாம்" என்று இன்னொருவருக்குச் சொல்வது கேட்டது. நிமிசத்தில் அது தங்கமாகிவிட்டது. பெருநாளுக்குச் சட்டை வாங்க உம்மா தந்த காசு முழுவதையும் சொன்னேன். முதலாளி தாடியைத் தடவியபடி அதற்கும் மேலே போனார். என்னிடம் வேறொன்றும் இல்லை.

"மூணு தரம்!"

பேக் அவர் கைக்குப் போனது. மாமா சங்கதி தெரியாமல் வெளியே செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்.

முதலாளி என் தோளைப் பிடித்து வேப்பமர நிழலுக்கு இழுத்துப்போனார். "இப்ப உண்மையச் சொல்லு. இதுல எது?"

பேக்குக்குள் கைவிட்டு அந்த ரூபாவை எடுத்துக் காட்டினேன்.

"இதா? இது எங்கட ஒரு ரூபாடா! நான் பள்ளிக்கூடம் போகக்குள்ள இதுக்குத்தான் ஐஸ்பழம் வாங்கினது!"

"ஓம், முதலாளி. பெறுமதி ஒண்டுமில்ல."

"அப்ப என்னத்துக்கு என்னோட மல்லுக்கட்டினாய்?"

சொன்னேன். பாண் கடை, சட்டைப் பை, மாமியின் டப்பா, திருப்பி எடுக்கக் கூடாத ஸதகா, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு நின்ற மாமாவிடம் நேரே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"இந்தாங்க நானா. இது நான் காசு குடுத்து வாங்கின சாமான். என்ட சொந்தம்" என்று ரூபாவை நீட்டினார். "உங்களுக்கு ஹதியாவா, அன்பளிப்பாத் தாறன். ஸதகா இல்ல, ஹதியா. இத வாங்க மாட்டன் எண்டு சொல்லப் படாது."

மாமா காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை நீளவில்லை. தொழுவிக்கும் பேஷ் இமாம் வழியில் வருவதைக் கண்டு, குழந்தைப் பிள்ளை கேட்பதுபோல, "வாங்கலாமா மௌலவி?" என்று கேட்டார். இமாம் கதையை முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வாங்குங்க. வாங்கி அவருக்காக அல்லாஹ்ட்ட துஆ கேளுங்க."

மாமா வாங்கினார். முதலாளியைக் கட்டிப்பிடித்தார், விடவே இல்லை. "போதும் நானா, சட்டை கசங்குது" என்று அவர்தான் கடைசியில் கழற்றிக்கொண்டார்.

அன்று பின்னேரம் மாமி செய்த இனிப்பு வட்டிலாப்பத்தில் பாதி முதலாளி வீட்டுக்குப் போனது. நான்தான் கொண்டுபோனேன். மனுசன் மேசையில் மிச்சக் காசுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார். தன்னுடைய மருமகப்பிள்ளையின் போன் லைட்டைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடா. இந்த ஓட்டை போட்ட காசு எந்த நாடு?"

சொன்னேன். கதிரையை இழுத்து இருந்தேன். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அங்கேதான். கிளம்பும்போது கேட்டார், "உன்ட மாமாக்கு நான் குடுத்தது மாதிரி வெள்ளை ஒரு ரூபா ஒண்டு எனக்குத் தேடித் தருவியா? இதுகளுக்குள்ள அது ஒண்டுதான் எனக்கு விளங்கின காசு."

என்னிடம் அந்த ரகத்தில் மூன்று கிடக்கின்றன. அடுத்த நாளே நல்லதாகப் பார்த்து ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். விலை கேட்டார்.

"ஹதியா" என்றேன்.