விருத்தாசலத்தில் யாருக்கும் சோர்வு இல்லையாம்!

காலை ஏழு மணிக்குக் கடலூரில் பஸ் ஏறினேன். நெய்வேலி வழியாக விருத்தாசலம் அறுபது கிலோமீட்டர் சொச்சம். மடியில் மனநல ஆய்வுக்கான கேள்விகள். இங்கிலீஷில் பிறந்து சென்னையில் தமிழானவை. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "மனநலமா? அங்க பீங்கான்தானங்க ஃபேமஸு!"

ஒன்பதரைக்கு, மின்சார பீஸ் கட்டை செய்யும் பீங்கான் பட்டறை. வெள்ளைத் தூசி படிந்த பெண்கள் வரிசையாக வந்தார்கள். சூப்பர்வைசர் என் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக்கொண்டார்.

"கடந்த இரண்டு வாரங்களில் சோர்வாக இருந்தீர்களா?"

"இல்லீங்க." அடுத்தவரும், "இல்லீங்க." ஒரு அக்கா, ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்வோம், இடுப்பில் கை வைத்தார். "சோர்வா? இந்தச் சூளை சோர்ந்தாதான் நானும் சோர்வேன்!" எல்லோரும் சிரித்தார்கள், சூப்பர்வைசரும்.

ஒருவருக்குக்கூட ஒன்றும் இல்லை! இந்த விடைகள் சென்னைக்குப் போனால், வாரம் ஒருமுறை இங்கே வரவிருக்கும் மனநல மருத்துவரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் டீக்கடைக்கு ஸ்டெல்லாக்கா தேடி வந்தார். "டாக்டரு எப்ப வராரு பாப்பா?"

"உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லியேக்கா?"

"அந்தாளு எதிர்ல சோர்வுன்னா, வேலைக்கு லாயக்கில்லன்னு நிறுத்திடுவான். நல்லா கேட்ட போ!" குரல் இறங்கியது. "எனக்கு மனசு ஒரு நெலையில நிக்கல பாப்பா. வூட்டுல படுத்தா தூக்கம் இல்ல, சர்ச்சுல உக்காந்தா அழுவ வருது."

சென்னைக்குப் போன் போட்டு, கேள்வியை மாற்றித் தனியாகக் கேட்கிறேன் என்றேன். ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு வார்த்தைகூட மாத்தாதம்மா. எல்லா நாட்டுலயும் இதே கேள்விதான்."

"எல்லா நாட்டுலயும் சூப்பர்வைசர் பக்கத்துல உக்காந்திருக்காரா சார்?"

"மாத்தினா விடைகளத் தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும் சார். காலையில வாங்கினத நான் அனுப்பமாட்டேன்."

ஐந்து மணிக்கு வேலை விட்டது. டீக்கடைப் பின்புறம் பெஞ்சைப் போட்டு ஒவ்வொருவராகக் கேட்டேன்: "மனசு ஒரு நெலையில நிக்குதாக்கா?" இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பதில் சொல்வதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் என் வீட்டை நினைத்தேன். அப்பா எதிரில் யாராவது கேட்டால் நானும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பேன். சென்னையிலிருந்து மெசேஜ்: "விடைகள் எங்கே?"

மாலையில் வாங்கியவற்றை அனுப்பினேன். கேள்வியை மாற்றியது நான்தான், காரணம் இது என்று மேலேயே எழுதினேன். தள்ளினால் மறுபடி அனுப்புவேன். ஸ்டெல்லாக்காவிடம் டாக்டர் வருவார் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறேன்.