வேண்டாமென்று சொல்ல மறந்த ஞாயிறு

தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமாப் பகுதியில் நான் வேலை செய்த வீட்டுக் கிழவர் அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். அங்கே ஆளுநரை மக்களே வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்களாம். பால்பண்ணைக்காரனின் மகன், வக்கீல், இரண்டு தடவை ஆளுநர், மூன்றாந் தடவை தோல்வி. தோற்ற கையோடு தாயின் ஊரான பலெர்மோவுக்கு வந்துவிட்டார். கைகள் மட்டும் ஓய்வுபெறவில்லை. கபோ சந்தைக்குக் கூட்டிப்போனால் மீன்காரன், எலுமிச்சைக்காரி, சும்மா நிற்பவன், எல்லோருக்கும் கைகொடுப்பார். செதிளும் எலுமிச்சை வாசமுமாய் வீடு திரும்புவோம்.

"இரண்டு தடவை வீடு வீடாய்ப் போய் வாக்குக் கேட்டேன். மூன்றாந் தடவை, எனக்குத்தானே போடுவார்கள் என்று கேட்காமல் இருந்துவிட்டேன்," என்பார், நான் கத்தரிக்காய் பொரிக்கையில். "வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேள்."

எனக்கு வேண்டியது ஓர் அறை. போர்கோ வெக்கியோப் பகுதியில் எங்கள் தமிழ்ச் சங்கம் எடுத்திருந்த அறையில் ஞாயிறு முழுக்க ஆண்கள் சீட்டு விளையாடினார்கள். என் மகளோ கனவிலும் இத்தாலியனில் கதைத்தாள். அந்த அறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வைக்க ஆசை. கதவுப் பூட்டின் திறப்பு சங்கத் தலைவரிடம். ஆகவே நான் தலைவராக வேண்டும்.

தலைவரைத் தெரிவு செய்யும் எங்கள் கூட்டங்களில் ஒரு முறை உண்டு. பெயரைச் சொன்னதும் அந்த ஆள் எழும்பி வேண்டாமென்று மறுக்க வேண்டும். மூன்று தரம் கெஞ்சியபின் தலையைச் சொறிந்து ஒத்துக்கொள்ளலாம். பல வருடத் தலைவரான அண்ணை அதில் மன்னன்.

தெரிவு நடந்த ஞாயிறன்று கிழவரும் கூட வந்து படிக்கட்டில் காத்திருந்தார். உள்ளே முதலில் அண்ணையின் பெயர்.

"ஐயோ, எனக்கு வேண்டாம், விடுங்கோ!"

அவரை யாரும் கெஞ்சத் தொடங்குமுன் என் சிநேகிதி என் பெயரைச் சொன்னாள். எழும்பினேன்.

"ஓம். எனக்கு வேணும்."

சீட்டுக்காரர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, ஒருக்கா மாட்டன் எண்டு சொல்லுங்கோ, பிறகு பாப்பம்," என்றார் செயலாளர்.

"சொன்னால் விட்டிடுவியள். பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்க வேணும். திறப்பைத் தாங்கோ."

சிநேகிதி துள்ளி எழுந்தாள். "அண்ணை வேண்டாமெண்டிட்டார். வேணுமெண்ட ஆள் ஒராள்தான். எழுதுங்கோவன்!"

"நான் சும்மாவெல்லோ சொன்னனான்..." என்று அண்ணை தொடங்கியது சிரிப்பில் மூழ்கிப்போனது. பெண்கள் சிரித்தார்கள், சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள், பிள்ளைகள் ஏனென்று தெரியாமலே கதிரைகளில் ஏறிக் குதித்தார்கள். கடைசியில் அண்ணையும் சிரித்துத் திறப்பை என்னிடம் எறிந்தார்.

படிகளில் பறந்து இறங்கினேன்.

"எத்தனை வாக்கு?" என்றார் கிழவர்.

"வாக்கே போடவில்லை."

நடந்ததைச் சொன்னேன். ஒரு மாநிலம் முழுக்க நடந்து கைகொடுத்தவர், படியில் குந்திக் கண்ணில் நீர்வரச் சிரித்தார். பிறகு எழும்பி, திறப்போடு சேர்த்து என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.